கணக்கில் வராத உப்பு

லூர்துமேரிக்கு யார் பேச்சையும் லேசில் நம்புகிற சுபாவம் கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் வருடக்கணக்காகத் தலையில் உப்பு சுமந்து, பிறகு அதே உப்பை வாங்கி விற்கக் கொட்டகை போட்டவள். தரகரோ லாரிக்காரரோ, எவர் சொன்னாலும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் போயும் போயும் ஒரு போனை நம்பினாள்.

பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மகள் சந்தியாதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். பழைய விற்பனையை எல்லாம் சொல்லிவிட்டால், வரும் மாதங்களில் எவ்வளவு உப்பு போகும் என்று ஏஐ முன்கூட்டியே சொல்லும். போனில் பணம் அனுப்புகிறவர்களை அதுவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சும்மா சொல்லக்கூடாது, சொன்னது பலித்தது. மாங்காய் வரத்துக்கு முன்பே கீழ்புத்துப்பட்டு ஊறுகாய்க்காரர்களுக்கு மூட்டைகள் தயாராக இருந்தன. கொட்டகையில் உப்பு தேங்கவும் இல்லை, கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. லூர்துமேரி அதற்கு 'மேனேஜர்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்தது. மழை இறங்கிவிட்டால் பாத்தியில் உப்பு எடுக்க முடியாது. புது உப்பு வரும்வரை கையிருப்புதான். வழக்கமாக ஒரு பெரிய குவியலைக் கீற்றுப் போட்டு மூடி வைப்பாள். இந்த முறை மேனேஜர், மழைக்காலத்தில் விற்பனை அநேகமாக இருக்காது, இருப்பதை இப்போதே விற்றுவிடு என்றது. தோல் பதப்படுத்த உப்பு வாங்கும் வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து நின்றார். லூர்துமேரிக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. குவியல் லாரியில் ஏறியது.

கார்த்திகையில் புயல் அடித்து ஓய்ந்தது. கடல் அடங்கியதும் குப்பத்துப் படகுகள் மத்தி மீனை வாரிக்கொண்டு வந்தன. ரோட்டில் வெள்ளம், வாங்குகிற வண்டிகள் வரவில்லை. காயவைக்க வெயிலும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் மீனைத் தொட்டியில் உப்புப் போட்டு வைத்தால்தான் வெயில் வரும்வரை தாங்கும். கருவாடு போடுகிற அஞ்சம்மாள் காலிக் கோணிகளோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். மழைக்காலம் தோறும் அவள் வேண்டிய உப்பை அள்ளிக்கொண்டு போவாள்; வெயில் வந்ததும் கருவாடு கொண்டுவந்து வைப்பாள். விலை என்று இருவரும் பேசியதே இல்லை.

"குவியல் எங்கக்கா?"

"வித்துட்டேன் அஞ்சம்மா. மழையில யாரும் வாங்க மாட்டாங்கன்னு போன் சொல்லிச்சு."

சொல்லும்போதே உறுத்தல் என்னவென்று லூர்துமேரிக்கு விளங்கிவிட்டது. சந்தியா பழைய விற்பனையைக் கேட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களை மட்டும்தான் இவள் சொன்னாள். உப்புக்குக் கருவாடு மாற்றுவதை யாராவது வியாபாரம் என்பார்களா? அஞ்சம்மாள் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. மேனேஜரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. சொல்லாததை அது எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்?

பள்ளத்தில் இருந்த அக்கம்பக்கத்துக் கொட்டகைகளில் உப்பு வெள்ளத்தில் கரைந்திருந்தது. லூர்துமேரி தன் அடுப்படி ஜாடி வரை வழித்துக் கொடுத்தாள். ஒரு தொட்டிக்குக்கூடக் காணவில்லை. மறுநாள் குப்பம் முழுக்க நாற்றம். மீனைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். உதவிக்குப் போன லூர்துமேரி மண்வெட்டிக்குக் கை நீட்டினாள், அஞ்சம்மாள் தரவில்லை.

"நீ வேணும்னு பண்ணல, தெரியும்க்கா" என்று மட்டும் சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது லூர்துமேரிக்கு.

மாசியில் புது உப்பு வந்தது. அஞ்சம்மாளும் வந்தாள். மூட்டைக்கு என்ன விலை என்று கேட்டாள். லூர்துமேரி பதறிப்போய், காசெல்லாம் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா, போன்லயே அனுப்பிடறேன். அப்பதான அதுக்கு எங்களையும் தெரியும்? அடுத்த மழைக்கு எங்களுக்கும் எடுத்து வைக்கச் சொல்லும்ல."

குத்திக்காட்டிப் பேசவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் லூர்துமேரிக்குத் தாங்கவில்லை. பணம் வந்துவிட்டதாகப் போன் சத்தமாகச் சொன்னது. அஞ்சம்மாள் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வழக்கமாக வருகிற கருவாடு இனி வராது. காசு கொடுத்து வாங்கியவள் எதற்குக் கொண்டுவரப் போகிறாள்? அன்று சாயங்காலம் கொட்டகையைப் பூட்டுவதற்கு முன் லூர்துமேரி போனைத் திறந்தாள். இத்தனை மழைக்காலமாக வந்துபோனவளை மேனேஜர் அன்றைக்குத்தான் பார்த்திருந்தது.

'புதிய வாடிக்கையாளர்: அஞ்சம்மாள்' என்று காட்டியது.