வெள்ளைத் துணியில் பத்து விரல்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் அப்போது நான் துபாஷி. நம்மவர் சொல்வதை வெள்ளை அதிகாரிக்கு அவர் மொழியில் சொல்வது என் வேலை. ஒரு காலை கிடங்கில் வெள்ளைத் துணி அடுக்கிலிருந்து ஒன்று காணாமல் போனது. உள்ளே சிப்பாய்கள் எத்தனையோ பேர் இருந்தும், ஏரியிலிருந்து நேராக இறால் விற்க வந்த எல்லம்மாவைத்தான் கையைக் கட்டி அந்த அடுக்கின் முன் நிறுத்தினார்கள்.

"நா எடுக்கல சாமி. விடிஞ்சதுலேர்ந்து சேத்துல எறா தடவிக்கினு இருந்தேன்னு சொல்லு" என்றாள்.

இதையெல்லாம் அவர் எங்கே நம்பப்போகிறார்? மன்னிப்புக் கேட்டால் அடி குறையும் என்று நானாகவே நினைத்து, "மன்னிக்கச் சொல்கிறாள்" என்றேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அதிகாரி இருபது சவுக்கடி என்றார்.

நான் மாற்றிச் சொன்னதை என் முகத்தைப் பார்த்தே எல்லம்மா கண்டுபிடித்துவிட்டாள். கட்டிய கைகளை அந்த வெள்ளைத் துணி அடுக்கின்மேல் ஓங்கி வைத்தாள். பத்து விரலும் கருஞ்சேறாகப் பதிந்தன. அடுக்கில் வேறெங்கும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அதற்குப் பிறகுதான், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். தேடியபோது துணி ஒரு வெள்ளைச் சிப்பாயின் பெட்டியில் இருந்தது. அவனுக்கு வெறும் அதட்டல்தான். எல்லம்மாவின் கைக்கட்டை அவிழ்த்தார்கள்.

"அடுத்த தபா நா சொல்றத மட்டும் சொல்லு சாமி" என்று கூடையை எடுத்தாள்.

அதன்பிறகு அடுத்தவர் பெயரில் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. என் பெயரில் ஒருமுறை கேட்டேன், எல்லம்மாவிடம்.