நிரப்பாத படிவம்

குப்பை பொறுக்கும் பெண்களின் சங்கத்தை இருபது வருஷமாக நடத்திவரும் அக்கா, சூடு கண்ட பூனை. நீல மையில் எழுதிவிட்டாள் என்று போன வருஷம் அவள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அதே நன்கொடை நிறுவனத்திலிருந்து இன்று ஓர் அதிகாரி வந்திருந்தார்.

"இனிமே படிவமே வேண்டாம்மா. மூணு வருஷத்துக்குப் பணம் தர்றோம், உங்க இஷ்டப்படி செலவு பண்ணுங்க. உங்களை நம்புறோம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. பீரோவைத் திறந்து, அவர்களுடைய பழைய பன்னிரண்டு பக்கப் படிவத்தில் நிரப்பாத ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்களை ஏன் நம்பணும்னு நான் வருஷா வருஷம் எழுதினேன் சார். உங்களை ஏன் நம்பணும்னு இப்ப நீங்க எழுதுங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். அக்கா அதன் முனையை எட்டிப் பார்த்தாள்.

"நீலம் செல்லாது சார்."