அத்தான் கழற்றிய வால்வு

என் அக்காள் புருஷனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் சவூதியில், தம்மாமில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேலையை விட்டு நாடு திரும்பிய ஒரு டாக்டரிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, டர்போ என்ஜின், வெயிலில் வெளிறிப்போன நீலம். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் கணவர் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருப்பவர். போனில் படத்தைப் பார்த்துவிட்டு, “உனக்குப் பைத்தியம்தான்” என்று சிரித்தார். ஆமாம், பைத்தியம்தான். சம்பாதிக்கிறேன், வாங்கினேன்.

லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமைகளில் கடல் பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போய்விடுவேன். குதைபியாவில் அக்காள் வீடு. அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காள்தான். அத்தான் அங்கே ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள் யார் வண்டி வாங்கினாலும் அவர் பானெட்டைத் திறந்து தலையாட்டிய பிறகுதான் ஓட்டவே ஆரம்பிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, டிராஃபிக்கில் நிற்கும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“சாவியக் கொண்டா, நான் பாத்துத் தாறேன்” என்றார் அத்தான்.

நான் மேலே அக்காளோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டேன். அவர் கீழே வேலை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

“கூலன்ட் மாத்தியாச்சு. இனி வண்டி ஐஸ் மாதிரி ஓடும்.”

நன்றி வேறு சொன்னேன்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் முள் விறுவிறுவென்று ஏறியது. உடனே ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தினேன். அதற்குள் பானெட் இடுக்கெல்லாம் ஆவி. இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் வெயில், ரெக்கவரி வண்டி வரும்வரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டிருந்தது.

அத்தானுக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாளே குதைபியா முழுக்கக் கதை பரவியது. கொழுந்தியாளுக்கு முள்ளைப் பார்த்து ஓட்டத் தெரியவில்லையாம், விரட்டி விரட்டி ஓட்டி என்ஜினை வேகவைத்துவிட்டாளாம். இனி அதைப் பழைய வண்டி உடைக்கிற தஷ்லீஹில் தள்ள வேண்டியதுதானாம்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அக்காள் கூப்பிட்டாள்.

“எளா, எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேல? விரட்டி ஓட்டுனியாமே?”

“முள்ளு ஏறுன ஒடனே நிறுத்திட்டேன்க்கா.”

“அப்ப அவிய பொய்யா சொல்லுவாவ?”

அந்த ஒரு கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவள், என்னை நம்பவில்லை.

தஷ்லீஹும் இல்லை, வெளி மெக்கானிக்கும் இல்லை என்று முடிவு செய்தேன். வில்லா காம்பவுண்டில் ஷீட் போட்ட நிழல், ஒரு சாக்கெட் செட், யூடியூப், அதோடு என் வயிற்றெரிச்சல். தியேட்டரில் செய்வது போலவே பழைய பச்சைத் துணியை விரித்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதினேன். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் அந்த வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. இஞ்சி டீ நிறத்தில் துருப்பிடித்த பைப் தண்ணீர் மட்டும் வழிந்தது. கூலன்டாம், கூலன்ட்!

ஊரிலிருந்து வந்த நம் ஆட்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. ‘சூட்டு நாட்டில் இது எதற்கு, தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும்’ என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சில வண்டிகள் அதைத் தாங்கும். என் வண்டியில் அந்த வால்வு திறக்கும்போதுதான் அதன் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைத்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வே இல்லையென்றால் கொதிக்கிற தண்ணீரில் பாதி குளிராமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும்.

தியேட்டரில் ஒரு துண்டு பஞ்சுக்குக்கூடக் கணக்குச் சொல்லாமல் தையல் போட விடமாட்டோம். இந்த மனிதர் ஒரு பாகத்தையே எடுத்துவிட்டு மூடியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெயரையும் கெடுத்திருக்கிறார். ஸ்பானரை வீசி எறிந்தேன், அது காம்பவுண்டுச் சுவரில் பட்டு விழுந்தது. போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அத்தானிடம் வாயைத் திறக்கவில்லை. போனில் சொன்னால் போனிலேயே மழுப்பிவிடுவார். எனக்கு ஆட்கள் வேண்டும், அக்காள் வேண்டும்.

குளிர்காலம் முழுக்க ஆஃப் நாட்களெல்லாம் அந்த நிழலில்தான் கழிந்தன. ஹெட்டை இறக்க மட்டும் பக்கத்து வில்லாக்காரர் ஒரு கை கொடுத்தார். பட்டறைகள் இருக்கும் சனையாவில் அதை மட்டம் பார்த்துச் சீவி வாங்கினேன். உலோகக் கேஸ்கெட், பெரிய அலுமினிய ரேடியேட்டர், இரட்டை எலெக்ட்ரிக் ஃபேன், சிலிக்கான் ஹோஸ், உண்மையான கூலன்ட், புது வால்வு. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது அத்தானின் காதை நினைத்துக்கொண்டேன். போல்ட்டுகள் நன்றாக இறுகின.

ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அக்காள் வீடு நிறைய ஆட்கள். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டு மேலே போனேன்.

“பரவாயில்லியே, ஓடுதா?” என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். “அத்தான், இந்த ஊரு சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் கழத்திப் போடுறது நல்லதா?”

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பின்ன? மொதல்ல அதத்தான் கழத்தணும். ஒன் வண்டியிலயும் நாந்தான கழத்திப் போட்டேன்! இங்க இருக்கவன் வண்டி பாதிக்கு மேல நாந்தான் கழத்தினது.”

“அதுல தான் அத்தான் என் என்ஜின் வெந்துது. கூலன்ட்டுன்னு சொல்லிப் பைப்புத் தண்ணி வேற ஊத்தியிருந்திய.” அந்த வால்வு என்ன செய்யும் என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிரியாணித் தட்டோடு ஒருவர் எழுந்தார். “அண்ணே, நம்ம வண்டியிலயுமா?” இன்னொருவர் சாவியைத் தேடினார். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் எல்லாரும் கீழே, வரிசையாக பானெட்டுகள் திறந்து கிடந்தன. நான் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்து நிதானமாகச் சாப்பிட்டேன். அக்காள் என்னைப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பக் கீழே வந்தபோது அத்தான் என் வண்டியருகே நின்றார். ஆளே சுருங்கிப்போயிருந்தார்.

“பானெட்டக் கொஞ்சம் திறயேன். நீ எப்பிடிச் செஞ்சிருக்கன்னு பாக்கட்டு.”

“எதையாவது கழத்தணுமா?”

 மூன்றாவது மாடி பால்கனியில் அக்காள் வந்து நின்றாள்.

“வண்டியக் கெடுத்தது யாருன்னு சொல்லுங்க அத்தான்.”

“நாந்தான்” என்றார் வாய்க்குள்ளேயே.

“அக்காளுக்குக் கேக்கல.”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைத் தூக்கி, “நாந்தான் கெடுத்தேன். அவ இல்ல” என்று கத்தினார்.

பாவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். துளியும் இல்லை. பானெட்டைத் திறக்காமலே ஏறி ஸ்டார்ட் செய்தேன். முள் நடுவில் அசையாமல் நின்றது. கண்ணாடியை இறக்கி மேலே பார்த்தேன்.

“எனக்குக் கேட்டுட்டு மக்ளே” என்றாள் அக்காள். அழுதுகொண்டிருந்தாள்.