எடுத்தாச்சு

இருபத்திரண்டு வருடம் விமானம் ஓட்டினேன். தூக்கம் கெடுகிறதா, மனச்சோர்வு உண்டா என்று மருத்துவப் படிவத்தில் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே எழுதுவேன். 'ஆம்' என்று எழுதி உரிமத்தைத் தொலைக்க நான் என்ன மடையனா? பேய்மழையில் ஓடுபாதை தெரியாமல் இரண்டு முறை மேலேறி, மூன்றாம் முறை இறங்கினேன். மறுநாளே அடுத்த விமானத்தில் ஏறினேன்.

ஓய்வுபெற்ற நான்காம் மாதம், வீட்டுப் படி இறங்க முடியாமல் போனது. விமானத்தில் சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் வாசிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. நான் மட்டுமே இருக்கும் வீட்டில் "கேஸ் அடுப்பு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, வாசலில் அரை மணி நேரம் நிற்பேன். நானே சொல்லிக்கொண்ட பதிலை நான் நம்பவில்லை.

அரிசி அடியோடு தீர்ந்த பிறகு ஒருநாள் எப்படியோ சாலை பஜாருக்குப் போய்ச் சேர்ந்தேன். மளிகைக் கடைக்காரரிடம் என் பட்டியலை வாசித்தேன்.

"துவரம்பருப்பு ஒரு கிலோ."

"துவரம்பருப்பு ஒரு கிலோ, எடுத்தாச்சு."

ஒவ்வொன்றுக்கும் அப்படியே பதில் வந்தது. நான்காவது பொருளைப் படிக்கும்போது கண் நிறைந்து எழுத்து மறைந்தது.

"என்ன ஆச்சு சாரே? சுகமில்லையோ?"

"இல்லை, ஒண்ணுமில்லை" என்றேன். பழக்கம்.

மீதியையும் வாசித்து முடித்தேன்.

"வேற என்ன சாரே?"

பட்டியலில் வேறொன்றும் இல்லை. மறுபடியும் துவரம்பருப்பிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.