ஃபோர்க் வைத்த சனிக்கிழமை

அந்த மனிதரின் விரல்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவர். எண்பதைத் தாண்டியவர். அமெரிக்க ஃபுட்பாலைச் சம்பளத்துக்கு ஆடிய ஆரம்ப காலத்து ஆட்டக்காரர். தலையில் வெறும் தோல் தொப்பியோடு மோதிய காலமாம். விரல் ஒடிந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றி, 'போ, ஆடு' என்று மறுபடி உள்ளே தள்ளுவார்களாம். அப்படி ஏழு விரல்கள். ஒன்றுகூட நேராகச் சேரவில்லை. படுபாவிகள். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

ஃபோர்க் பிடித்தால் அவர் கையில் நிற்காது. அதனால் யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் கையால் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இது என்னால் முடியும்" என்றார். சாம்பார் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து வைத்தேன். கோணல் விரல்களைக் குவித்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். அதன்பின் சனிக்கிழமை தவறியதில்லை.

டாலஸிலிருந்து அவர் மகள் வருவதாக இருந்தது. அப்பாவை முதியோர் ஹோமில் விடுவதா வேண்டாமா என்று பார்க்கத்தான். "நானே சாப்பிடுகிறேன் என்று பார்த்தால் என்னை வீட்டிலேயே இருக்க விட்டுவிடுவாள்" என்றார் அவர். அதற்காகவே அந்தச் சனிக்கிழமை மகளுக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு.

அன்று எனக்கு என்ன கேடு வந்ததோ. வெள்ளைக்காரப் பெண் நம்மைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று எல்லாத் தட்டுக்குப் பக்கத்திலும் ஃபோர்க் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபோர்க்கால் சாப்பிட ஆரம்பித்தேன். மரியாதை தெரிந்த மனுஷர், அவரும் எடுத்தார். இரண்டாவது வாயிலேயே நழுவி, சட்டையெல்லாம் சாதம். மகள் எழுந்து துடைத்துவிட்டாள். "கையால் நன்றாகச் சாப்பிடுவார்" என்றேன்.

"குழந்தை மாதிரியா?" என்று கேட்டாள்.

அவர்கள் போனதும் என் கணவர், "நீ எதுக்கு ஃபோர்க் வெச்ச? எப்பவும் போல சாப்பிட்டிருந்தா அவரும் சாப்பிட்டிருப்பாரு இல்ல?" என்றார்.

"நீங்களும் அதாலதானே சாப்பிட்டீங்க? அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? வைத்தது நான்.

அடுத்த மாதம் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு ஹோமுக்குப் போனேன். கழுத்தில் துண்டு கட்டி, பணிப்பெண் ஒருத்தி அவருக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்ட வேண்டாம், அவரே சாப்பிடுவார் என்று அவளை நகரச் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஃபோர்க் கொண்டுவரவில்லையா?"