காலாவதியாகாத எச்சரிக்கை

என் மைத்துனர் அந்தப் படத்தை மாத நாட்காட்டியின் கிழித்த தாளில், பின்பக்கத்தில் வரைந்தார். குன்னூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. தாள் சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்திருந்தோம். இடப்பக்கம் ஒரு பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு அம்பும் ஒரு சிறிய அறையில் போய்ப் படுத்துக்கொண்டது. வலப்பக்கம் இன்னொரு பெட்டி. அதன் அம்புகள் தாளின் ஓரம்வரை ஓடி மறைந்துபோயின. இடப்பக்கத்தின் கீழே ‘தாசில்தார் ஆபீஸ்’ என்றும் வலப்பக்கத்தின் கீழே ‘மீன்காரர்’ என்றும் எழுதினார்.

“இது எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதுங்க மாமா. எப்பப் போய்க் கேட்டாலும் விட்ட காகிதத்துலிருந்து ஆரம்பிக்கும். அது மீன்காரர். தெருவுல கூவிட்டுப் போயிடுவாரு. ஊட்டுல இருந்தவங்க வாங்கினாங்க, இல்லாதவங்களுக்கு அவ்வளவுதான்.”

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். அவர் அவளுடைய தம்பி. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, தேவாலாவில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கடைசிவரை இருந்து, ஓய்வுக்குப் பின் குன்னூருக்கு வந்தேன். சும்மா இருக்கத் தெரியாத இரண்டு கிழவர்களுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. தேவாலா பக்கம் எஸ்டேட் குடியிருப்புகளின் ஊடாக யானைகள் நடமாடும். யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எதிரில் போய் மாட்டிக்கொள்வார்கள். சிறு தேயிலை விவசாயிகளின் சங்கம் எங்களிடம் வந்து, இதற்கு ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டது.

நாங்கள் வகுத்த ஏற்பாடு எளிமையானது. யானையைப் பார்க்கும் எஸ்டேட் காவலர் தன் கைபேசியில் அந்த இடத்துக்குரிய எண்ணை அழுத்துவார். அது என் வீட்டில் இருக்கும் கணினியில் ஒரு ‘நிகழ்வு’ ஆகும். அங்கிருந்து தேவாலா டீ ஃபேக்டரியில் வைத்த கணினிக்குப் போகும். அது குடியிருப்பில் எல்லோருடைய கைபேசிக்கும் அழைப்பு விடுத்து, பதிவு செய்த குரலை ஒலிக்கும். மேல் ரோடு, கீழ்ப் பாதை, ஃபேக்டரி வாசல் என்று இடத்துக்கு ஒரு வாசகம். குரல் மைத்துனருடையது. “மேல் ரோட்ல ஆனை நிக்குது, யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க” என்று நிதானமாகச் சொல்லியிருந்தார். ஒன்று நடக்கும்போது அதற்குரியவை தாமாக இயங்கும்படி கட்டுவதை எங்கள் தொழிலில் நிகழ்வுவழி வடிவமைப்பு என்பார்கள். நடுவில் நின்று நிகழ்வுகளைச் சுமந்து செல்லும் மென்பொருள் ஒன்று வேண்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றோம். மைத்துனர் வரைந்த இரண்டு பெட்டிகளும் அவைதான்.

அந்த மழை மாதம் முழுக்க அவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் பஸ் மாறி மாறி மலையைச் சுற்றிக் குன்னூர் வருவார். நான் ஆவணங்களைப் படிப்பேன். அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தத் திட்டங்களை எழுதுகிறவர்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் போடும் சண்டைகளைப் படிப்பார். யாரோ ஒரு புதியவர் வந்து ‘இதில் ஒரு பிழை இருக்கிறது’ என்று சொன்னால் அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பார். “பொண்ணு பார்க்கப் போனா ஹாலையா பார்க்கறது? உள்ளுக்குள்ள என்ன சத்தம் வருதுன்னு காதைக் குடுக்கோணுமுங்க” என்பார். முதல் திட்டத்தை, அதாவது தாசில்தார் ஆபீஸை, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தின; அதை எழுதியவர்கள் பெருங்கூட்டம். இரண்டாவதை ஒரு கைப்பிடிப் பேர்தான் எழுதினார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கு மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. கணினிகளை மேற்பார்வை பார்த்து, விழுந்ததைத் தூக்கி நிறுத்தும் பெரிய மென்பொருள் ஒன்றையும் நான் போட நினைத்தேன். “இருக்கறது ரெண்டு கம்ப்யூட்டர். ரெண்டு பேரு கொழுந்து பறிக்க ஒரு கங்காணியா?” என்று அவர் கேட்டார். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன்.

மற்றதில் விட்டுக்கொடுக்கவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் வங்கிகளுக்கு எழுதியவன் நான். ஒரு நிகழ்வு தொலைந்தால் ஒருவருடைய பணம் தொலையும். எதையும் தொலைக்காதே, வரிசையை மாற்றாதே என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அது என் குணமாகவே ஆகிவிட்டது. அவர் சொன்னார்: “பேங்க்குல போட்ட பணம் நாளைக்கும் அங்கேயே இருக்குமுங்க மாமா. ஆனை இருக்குமுங்களா? எச்சரிக்கைங்கறது பால் மாதிரி. நேரம் போச்சுன்னா கொட்டிடோணும்.” நான் கேட்காததால் ஒரு படி இறங்கி வந்தார். என் திட்டத்தையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் சிறிது நேரம் தாண்டிய செய்தியை ஃபேக்டரிக் கணினி ஒலிக்க வேண்டாம் என்று ஒரு வரம்பு போடலாம் என்றார். சரியான யோசனை. அதைச் செய்ய அதிக நேரமும் ஆகாது. யானை நடமாட்டத்தின் முழு வரலாறும் பின்னால் ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று சொல்லி மறுத்தேன். வரலாற்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே என்றார். இரண்டு திட்டங்களுக்கும் மதிப்பெண் போடலாம் என்று பேச்சை மாற்றினேன். போடும்போது ‘எதுவும் தொலையாமை’ என்பதற்கு மட்டும் இரட்டை மதிப்பெண் வைத்தேன். அவர் கண் முன்னால்தான் வைத்தேன்.

“பேட்டும் உங்க கைல, அம்பயரும் நீங்க. நான் எதுக்குங்க வந்தேன், டீ குடிக்கவா?” என்று சிரித்தார். பிறகு சரி என்றார். என் வாதம் வென்றதால் அல்ல. நான் அவருடைய அக்காள் கணவன். எங்கள் குடும்பங்களில் அதற்கு மேல் பேச மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சங்கத்தில் எங்களுக்குச் சால்வை போட்டார்கள். அடுத்த தென்மேற்குப் பருவத்தில் ஒரு சாயங்காலம் மரம் விழுந்து, ஃபேக்டரிக்குப் போகும் இணையக் கேபிள் அறுந்தது. இரவெல்லாம் காவலர்கள் அனுப்பிய நிகழ்வுகள் என் கணினியில் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருந்தன. மேல் ரோடு, மேல் ரோடு, ஃபேக்டரி வாசல், மறுபடி மேல் ரோடு. கடைசியாக விடிந்த பிறகு ஒன்று: கீழ்ப் பாதை. காலையில் காபியோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

கேபிளை ஒட்டிவிட்டார்கள். ஃபேக்டரிக் கணினி விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தது. அதாவது முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து. பெண்கள் கொழுந்து பறிக்கக் கிளம்பும் நேரம். ஒவ்வொரு கைபேசியாக அடித்தது.

அவர் என்னை அழைத்தார். “மாமா, நேத்து சேதியெல்லாம் இப்ப வருதுங்க. மேல் ரோட்ல ஒண்ணுமே இல்லை. சனமெல்லாம் ஆனை நிக்கற கீழ்ப் பாதைக்குத் திரும்புது. நிறுத்துங்க.”

“கொஞ்சம் பொறு. தானாத் தீர்ந்துடும். நடுவுல வெட்டினாப் பதிவு கெட்டுப்போகும்.”

“பதிவு யாருக்குங்க மாமா? ஆனைக்கா?”

“பத்து நிமிஷம் பொறுப்பா” என்றேன். அவர் பேச்சைத் துண்டித்துவிட்டார்.

நிறுத்துவதற்கு ஒரு வரி போதும். படிக்கும் இடத்தை வரிசையின் கடைசிச் செய்திக்கு நகர்த்தும் கட்டளை, எனக்கு மனப்பாடம். கணினி என் எதிரில்தான் இருந்தது. நான் அதைத் தட்டவில்லை. செய்திகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததை, இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள் சாவு வீட்டில் எனக்குச் சொன்னார். “போன்ல அய்யா கொரல்தான் மேல போகாதீங்கன்னுச்சு. அதான் கீழ எறங்கினோம். பொறவு பார்த்தா அய்யாவே மழையில ஓடியாறாரு, கீழ போகாதீங்க, திரும்புங்கன்னு கத்திக்கிட்டு. எந்தக் கொரலைக் கேக்கிறதுன்னு தெரியாம நின்னுட்டோம் ஐயா. எங்களைத் தாண்டி முன்னால போனவளுகளைத் திருப்பக் கீழ எறங்கினாரு. அவளுக வந்துட்டாளுக.” அவர் வரவில்லை. வளைவில் யானை நின்றிருந்தது. ‘கீழ்ப் பாதை’ என்ற செய்தி, அது மட்டும்தான் உண்மையான செய்தி, எல்லாம் முடிந்த பிறகு அவருடைய குரலிலேயே எல்லோர் கைபேசியிலும் வந்து சேர்ந்தது. வரிசை தவறவில்லை.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேபிள் அறுந்ததால் வந்த வினை என்றார்கள். விதி என்றார்கள். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து, அவர் சொன்ன மென்பொருளுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். வரலாற்றைத் தனியாகச் சேமிக்க வைத்தேன். நேரம் தாண்டிய செய்தி தானாக அழிந்துவிடும். ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. குரலையும் வேறொருவரைப் பேச வைத்து மாற்றினேன். அப்போது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், டாக்டர் சொன்னபடி நடக்கிறேன். தேவாலாவிலிருந்து யாராவது அழைத்து, ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வார்கள். சந்தோஷம் என்பேன்.

இந்த ஆண்டு மழை தொடங்கியபோது, என் மனைவி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டாள்.

“அன்னைக்குக் காலைல அவன் கடைசியா உங்ககிட்டத்தானுங்க பேசியிருக்கான். என்ன சொன்னான்?”

“பழைய சேதி வருது, நிறுத்துங்கன்னான்.”

“நீங்க?”

“பொறுன்னேன்.”

அவள் கை நிற்கவில்லை. ஒரு காயை உரித்து முறத்தில் தள்ளினாள், இன்னொன்றை எடுத்தாள். “அவன் சின்னதுலிருந்தே அப்படித்தானுங்க. எதுக்கும் பொறுக்க மாட்டான்” என்றாள்.

அது உண்மையில்லை. அவ்வளவு பொறுமையான மனிதரை நான் பார்த்ததில்லை. ஒரு மழை மாதம் முழுக்க, ஒரே விஷயத்தைப் பத்து விதமாக, சிரித்துக்கொண்டே, எனக்குப் புரிய வைக்கப் பார்த்தவர். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தரையில் உருண்டிருந்த ஒரு பட்டாணியை எடுத்து முறத்தில் போட்டேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.