பூதக்கண்ணாடி பூட்டிய கணக்கு

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டிலும் பெரிய வித்தியாசமில்லை. "நேத்து வாங்கின பால்தான், மோந்து பாக்காம ஊத்து" என்று கணவன் கெஞ்சினாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். யார் சொன்னாலும் நம்பமாட்டாள். தானே சொன்னதைக்கூட இன்னொரு தரம் சரிபார்ப்பாள். வாடிக்கையாளர் அட்டையில் கட்டும் பணத்தைக் கடைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தில், சந்தேகத்துக்குரிய கணக்குகளை ஆராய்வதுதான் அவள் வேலை. சம்பளம் கொடுத்துச் சந்தேகப்படச் சொல்கிறார்களே என்று அவளுக்கு ஒரே திருப்தி.

அன்று காலை வந்த கோப்பு பேருந்து நிலையத்துக் கடைகளைப் பற்றியது. குடை பழுது பார்ப்பவர் மீது மூன்று புகார்: ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிட்டாராம்.

"மேல் கணக்கைப் பூட்டிடு. அஞ்சு மணிக்குள்ள முடியணும்" என்றார் மேலாளர்.

திரையில் விரித்துப் பார்த்தாள். உச்சியில், நிலையத்துக் கடைகளை மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடும் குத்தகைக்காரர் பெயரில் ஒரே கணக்கு. அதன் கீழே அவருடைய சைக்கிள் நிறுத்தகம், அதற்கும் கீழே பன்னிரண்டு கடைகள். எந்தக் கடைக்கும் சொந்தக் கணக்கில்லை, வெறும் எண்தான். யார் அட்டை தேய்த்தாலும் பணம் முதலில் குத்தகைக்காரரிடம் போகும். அவர் மனசு வைத்தால் கடைக்கு வரும். மேலே பூட்டினால் பணம் நின்று, விசாரணை நடக்கும் மூன்று மாதமும் பன்னிரண்டு வீட்டு அடுப்பும் அணையும்.

"சார், போன வாரம் அந்தத் துணிக்கடைக்கு நாப்பது புகார். ஒரு கிளையத்தானே பூட்டினோம்?"

"அவங்க கிளைக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்கம்மா. அமைப்பு அப்படி."

"பெரிய ஆளுக்கு விரல்ல கட்டு, ஏழைக்குக் கழுத்துல கட்டா?"

"பிரசங்கம் வேண்டாம். தனிக் கணக்குக்கு இந்தக் கடைக்காரங்க கையெழுத்துப் போட்டா நகர்த்து. இல்லேன்னா பூட்டு."

பூதக்கண்ணாடி புகார்களைத் துருவினாள். மூன்றும் ஒரே கைபேசியிலிருந்து வந்தவை. அந்த எண், சைக்கிள் நிறுத்தகத்துக்குப் பதிந்த எண். குடைக்காரரோ பத்து நாள் முன்பு தனிக் கணக்கு கேட்டு விண்ணப்பித்திருந்தார். அவரை மட்டும் ஒழித்துக்கட்ட நினைத்த குத்தகைக்காரருக்குத் புகார் கொடுத்தால் பூட்டு விழுவது தன் உச்சிக் கணக்குக்குத்தான் என்பதே தெரியவில்லை போலும். ஆனால் போலும் என்பது ஆதாரமாகாதே!

கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினாள். "ஓடிபி கேப்பே, தெரியும்டி" என்று பழச்சாறு விற்பவர் வைத்துவிட்டார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை. சந்தேகத்தையே தொழிலாகக் கொண்டவளை ஊரே சந்தேகப்பட்டது. கோபம் வரவில்லை. பரவாயில்லையே, விவரமாகத்தான் இருக்கிறார்கள் என்று படிவங்களை அள்ளிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

குடைக்காரர் முதலில் கையெழுத்திட்டார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் போட்டார்கள். சாவி செய்யும் பெண் மட்டும் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு என் மேல யாராவது பொய்ப் புகார் குடுத்தா?"

"உன் கடை மட்டும்தான் நிக்கும்மா. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும்."

"பக்கத்துக் கடைக்காரன் தப்பு பண்ணினா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்லுறே. தாள் சொல்லுதா? குடு இங்க."

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நான்கு மணி தாண்டிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி அவசரப்படுத்தவில்லை; இப்படிப் படிக்கிற ஒருத்தியை அவள் இதுவரை சந்தித்ததில்லை. கடைசி வரியில் ஒரு சந்தேகம் கேட்டுத் தெளிந்த பிறகே அந்தப் பெண் கையெழுத்திட்டாள்.

அலுவலகம் திரும்பியதும் பன்னிரண்டு கடைகளையும் ஒவ்வொன்றாக வெளியே நகர்த்தினாள். உச்சிக் கணக்கின் கீழே சைக்கிள் நிறுத்தகம் மட்டும் தனியாக நின்றது. காரணம் என்ற கட்டத்தில் அந்தக் கைபேசி எண்ணை எழுதினாள். ஐந்து அடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் பூட்டினாள்.

ஐந்தே காலுக்குத் தொலைபேசி அலறியது. குத்தகைக்காரர்.

"என்னம்மா அநியாயம் இது! என் கணக்க ஏன் பூட்டினீங்க? நான் குடைக்கடைய மட்டும்தானே பூட்டச் சொல்லிப் புகார்..."

சொல்ல வந்ததைப் பாதியிலேயே வெட்டினார்.

"சொல்லுங்க சார்" என்றாள் பூதக்கண்ணாடி மிகப் பணிவாக. "இந்த அழைப்பு பதிவாகுது. புகார்னீங்களே, அதுக்கப்புறம்?"